வடித்த சோறும் அதைத் தொடர்ந்து வந்தவையும்

1980களில் எங்கள் வீட்டில் சமைத்த சிக்கனச் சாப்பாட்டை, அன்றைய அளவுகளோடும் அன்றைய வரிசையோடும் மறுபடி சமைத்துப் பார்ப்பது என்று இந்தக் கோடையில் முடிவு செய்தேன். அதற்காக எழுதிவைத்த பட்டியலில் வற்றல் குழம்பு, பீர்க்கங்காய்த் தோல் துவையல், நொய்க் கஞ்சி, சோற்று வடாம், பலாக்கொட்டை போட்ட கீரைத்தண்டுக் குழம்பு என்று பதார்த்தங்களின் பெயர்களே இருந்தன. அதைப் படித்துப் பார்த்த அம்மா, “சோத்த எதுல ஆக்கப் போற? குக்கர்ல வெச்சா இதுல பாதி வராதுடா” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. எங்கள் வீட்டில் கஞ்சி வடித்த பானையிலிருந்துதான் காலைச் சாப்பாடும், குழம்பின் கெட்டியும், கோடை வடாமும், அப்பாவின் வேட்டிக்கு விறைப்பும் கிடைத்தன. குக்கரில் சோறு வைக்கத் தொடங்கிய ஆண்டில் இவை ஒவ்வொன்றாக நின்றுபோயின; ஏன் நின்றன என்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. எனவே பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, சோறு வடிப்பதிலிருந்து தொடங்கினேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், அப்பா, அம்மா, அப்பாயி, பிள்ளைகள் நால்வர் என ஏழு பேர் கொண்ட குடும்பம் எங்களுடையது. அப்பா அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதினார். சம்பளம் சொற்பம்தான் என்றாலும், ஆலையிலிருந்து நொய் மலிவாகவும் உமி சும்மாவும் கிடைத்ததால் அக்கம்பக்கத்து வீடுகளைவிட எங்களுக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. முழு அரிசி ரேஷன் கடையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசியின் விலை 2006இல் கிலோ 2 ரூபாய்க்கும் 2008இல் 1 ரூபாய்க்கும் இறங்கி, 2011 ஜூன் மாதத்திலிருந்து விலையில்லாமல் வழங்கப்படுகிறது. நான் சொல்லும் காலத்தில் அதற்குக் காசு புரட்ட வேண்டியிருந்ததால், அட்டைக்கு உரிய அரிசியை முழுவதும் வாங்க முடியாத மாதங்களும் இருந்தன. 1982ஆம் ஆண்டு ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கி ஊர்ப் பள்ளியில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்த பிறகு, பள்ளி நாட்களில் உலையில் ஓர் ஆழாக்கு குறைத்துப் போட்டதாக அம்மா இப்போதுதான் சொன்னார். அன்று அது எங்களில் யாருக்கும் தெரியாது.

முதலில் பானை. கஞ்சி வடிக்கும் பானைக்கு அடி அகன்றும், கழுத்து சற்றே ஒடுங்கியும், விளிம்பு வெளிப்பக்கம் மடிந்தும் இருக்க வேண்டும். அந்த விளிம்பில்தான் சிப்பல் என்று எங்கள் பக்கம் சொல்லும் வடிதட்டு நழுவாமல் உட்காரும். நேராக நிற்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் எந்தத் தட்டை வைத்துச் சாய்த்தாலும் ஓரத்தில் சோறும் சேர்ந்து வழிகிறது. அம்மாவின் பழைய அலுமினியப் பானையில் பொடித் துளை விழுந்திருந்தது. ஓட்டை அடைப்பவர்கள் தெருவுக்கு வருவது நின்று பல காலம் ஆகிவிட்டதால், கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் நான்கு லிட்டர் கொள்ளும் புதுப் பானை ஒன்றும் அதற்கேற்ற சிப்பலும் வாங்கினேன். இரண்டையும் கடையிலேயே பொருத்தி, தலைகீழாகச் சாய்த்துப் பார்த்து வாங்குவது அவசியம். புதுப் பானையில் கழுநீரை ஊற்றி ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுத்தான் அம்மா உலை வைக்க விட்டார். அலுமினியத்தில் சோறு வடிக்கலாம். ஆனால் புளியும் மோரும் பழைய சோறும் அதில் நிற்கக் கூடாது என்பதால், இரவில் தண்ணீர் ஊற்றி வைக்க ஒரு மண்சட்டியும் வேண்டியிருந்தது. மண்சட்டியைப் பழக்குவதற்கு, சில நாட்கள் தொடர்ந்து அதில் வடித்த கஞ்சியை ஊற்றி ஊறவைத்துக் கழுவினேன். மண்ணின் நுண்துளைகளில் கஞ்சி இறங்கி அடைத்துக்கொள்வதால் சட்டி கசிவது குறைகிறது, மண்வாடையும் போகிறது. ஆக, பானையின் கஞ்சி முதலில் பயன்பட்டதே அடுத்த சட்டிக்குத்தான்.

அரிசியைப் பொறுத்தவரை, ரேஷன் புழுங்கல் அரிசியே இந்த வேலைக்குச் சரியானது. கடையில் கிடைக்கும் மெல்லிய பொன்னி ரகங்கள் சீக்கிரம் வெந்து, வடிப்பதற்குள் இதழ் விரிந்து குழைந்துவிடுகின்றன. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்த பிறகு அரைப்பதால் புழுங்கல் அரிசியின் மணி இறுகி நிற்கிறது. தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதியும் அப்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் ரேஷன் அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்த செறிவூட்டிய மணிகள் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து வந்திருக்கின்றன. அரிசி மாவையே மறுபடி அரிசி வடிவத்தில் அழுத்திச் செய்தவை அவை. நிறம் சற்று மாறியிருப்பதால் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று நினைத்துப் பலர் பொறுக்கி எறிகிறார்கள், எறிய வேண்டியதில்லை. முறத்தில் புடைத்துக் கல்லையும் கறுப்பையும் மட்டும் பொறுக்கினால் போதும்.

எங்கள் வீட்டு ஆழாக்கு 200 கிராம் அரிசி பிடிக்கும். நான் சமைப்பது நான்கு பேருக்கு என்பதால் இரண்டு ஆழாக்கு எடுத்துக்கொண்டேன். முதல் முறை களைந்த தண்ணீர் அழுக்கோடு இருப்பதால் அதைச் செடிக்கு ஊற்றினேன். அன்று அது மாட்டுத் தொட்டிக்குப் போனது. இரண்டாம் கழுநீரை எடுத்து வைத்துப் புளி கரைக்கப் பயன்படுத்தினேன். அரிசி அரை மணி நேரம் ஊறட்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரை உலை வைத்து, அது நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகே அரிசியைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் மேல்புறம் குழைந்து உள்ளே விறைத்து நிற்கிறது. மீண்டும் கொதி வந்ததும் தீயைத் தணித்து, மூடியை ஓரம் விட்டு வைத்தால் பொங்கி வழியாது. ரேஷன் அரிசி பழையதாக இருந்தால் அரை மணி நேரம் வரை ஆகிறது, புதிதாக இருந்தால் அதற்கு முன்பே வெந்துவிடுகிறது. ஆகவே கடிகாரத்தை நம்புவதற்கில்லை.

பதம் பார்ப்பதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி. கரண்டியில் சில பருக்கைகளை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி பெரிதாக இருந்தால் சோறு இன்னும் வேக வேண்டும். முழுதும் மறைந்திருந்தால் நேரம் கடந்துவிட்டது. புள்ளி ஊசிமுனை அளவுக்கு வரும்போது வடிக்க வேண்டும், மிச்ச வேக்காடு பானையின் சூட்டிலேயே நடந்துவிடும். வடிப்பதற்கு முன் அரைக் குவளை குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஒருமுறை கிண்டிவிட்டால் கொதி அடங்குகிறது, ஆவி கையில் அடிப்பதும் குறைகிறது. பிறகு சிப்பலை வைத்து, பழைய துணியால் பானையின் விளிம்பையும் சிப்பலையும் சேர்த்துப் பிடித்து, கீழே ஓர் அன்னக்கூடையை வைத்து அதன்மேல் பானையைச் சாய்த்து நிறுத்த வேண்டும். அம்மாவுக்குச் சாய்ப்பதற்கென்றே அடுப்படியில் ஒரு கல் இருந்தது. என் சமையல் மேடையில் அதற்கு ஈடாக ஒரு செங்கல்லை ஈரத் துணியில் சுற்றி வைத்தேன். பத்து நிமிடத்தில் சொட்டு நின்றுவிடும். பானையை நிமிர்த்தி, மிகச் சிறு தீயில் இரண்டு நிமிடம் வைத்து ஈரத்தை வற்றவிட்டால் பருக்கை தனித்தனியாக நிற்கும். இரண்டரை லிட்டரில் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் கஞ்சி மீண்டது.

இம்முறையில் எரிபொருள் அதிகமாகும் என்பது உண்மையான ஆட்சேபணை. உமி அடுப்பு இருந்த வீட்டில் அது ஒரு பொருட்டே இல்லை: நடுவில் ஒரு சீசாவை நிறுத்திச் சுற்றிலும் உமியை இடித்து நிரப்பி, சீசாவை உருவிவிட்டுப் பற்றவைத்தால், குழம்பும் சோறும் ஆன பிறகும் தணல் நின்றிருக்கும், பால் காய்ச்சுவதும் அப்பளம் சுடுவதும் அந்தத் தணலில் நடந்தன. சிலிண்டர் எரிவாயுவில் அரை மணி நேரம் கொதிக்கவிடுவது மனத்துக்கு ஒப்பவில்லை. அதனால் அரிசி போட்டு மறுகொதி வந்த பின் பத்து நிமிடம் மட்டும் எரித்து, அடுப்பை அணைத்து, மூடியை இறுக்கி, பானையைப் பழைய போர்வையில் நன்றாகச் சுற்றி வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பிரித்தபோது சோறு பதத்துக்கு மிக அருகில் வந்திருந்தது. மறுபடி ஒரு கொதி மட்டும் காட்டி வடித்தேன். புழுங்கல் அரிசி மெல்ல வேகக்கூடியது என்பதால் இது அதற்கு நன்றாகவே ஒத்துவருகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்களுக்கும் இம்முறை உதவும், ஏனெனில் அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டிய நேரம் கால் மணிக்கும் குறைவு.

இனி கஞ்சி. சூடாக இருக்கும்போதே ஒரு குவளை எடுத்து, உப்பும் ஒரு கரண்டி மோரும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பது பதினோரு மணிக்கு எங்கள் வீட்டில் வழக்கம். காப்பிக்கு வழியில்லாத நாட்களில் அதுவே காப்பி. தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் வடிக்கும்போது கஞ்சியோடு போய்விடுகின்றன என்பதால், சோற்றை வடித்துவிட்டுக் கஞ்சியைக் கொட்டுவது இரட்டை நட்டம். மிச்சக் கஞ்சியில் இரண்டு கரண்டி குழம்புக்குப் போகும். வற்றல் குழம்பு நீர்த்துப்போனால் அரிசி மாவு கரைத்து ஊற்றுவதைவிடக் கஞ்சி ஊற்றினால் கெட்டியும் பளபளப்பும் சீராக வருகின்றன. கீரை வேகவைக்கவும் அது உதவுகிறது, கடைந்தால் பருப்பே போடாமல் பருப்பு போட்டதுபோன்ற வழவழப்பு கிடைக்கிறது. வேட்டிக்குக் கஞ்சி போடுவதையும் விடவில்லை: துணியில் வடிகட்டிய கஞ்சி ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, அலசிப் பிழிந்த ஈர வேட்டியை அதில் முக்கி, முறுக்காமல் பிழிந்து, இழுத்துக் கட்டி உலர்த்தினேன். பச்சரிசிக் கஞ்சியின் விறைப்பு இதற்கு வராது என்றாலும், வீட்டில் உடுத்துவதற்கு இதுவே இதமாக இருக்கிறது.

பழைய சோற்றுக்காகத்தான் இவ்வளவும் என்றுகூடச் சொல்லலாம். எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு என்றால் பழையதுதான். இட்லி என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும். மதியம் வடித்த சோற்றில் இரவுக்குப் போக மிஞ்சுவதை அம்மா ‘மிச்சம்’ என்று சொல்ல மாட்டார். காலைக்கு என்று கணக்கிட்டே உலையில் அரிசி போடுவார். சோற்றை மண்சட்டியில் இட்டு, இரண்டு விரல் உயரம் நிற்குமாறு தண்ணீர் ஊற்றி, துணியால் வேடு கட்டி வைத்தால், வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்திலும் மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் சென்று இலேசான புளிப்பு ஏறுகிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் செய்யும் வேலை அது. சோற்றை மணிக்கணக்கில் சும்மா வைத்துவிட்டுத் தூங்கப் போகும்போது தண்ணீர் ஊற்றுவதைவிட, சூடு ஆறியதும் ஊற்றிவிடுவது நல்லது. கொதியிலும் சாகாமல் நிற்கும் கிருமி வித்துகள் சில உண்டு, அவை வெதுவெதுப்பான சோற்றில் பெருகும். காலையில் நீராகாரம் மெல்லிய புளிப்போடு தெளிவாக இருந்தால் சாப்பிடலாம். பருக்கையை எடுக்கும்போது நூல் விட்டாலோ, நாற்றம் மாறியிருந்தாலோ சிக்கனம் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே அரிசியில் குக்கரில் வைத்த சோற்றையும் இன்னொரு சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலையில் அது பசையாகக் கரைந்து கலங்கியிருந்தது. தண்ணீரைத் தனியாக வடித்துக் குடிக்க முடியவில்லை, சோற்றைப் பிழிந்து எடுக்கவும் முடியவில்லை. குக்கரில் மாவுச்சத்து வெளியே போக வழியில்லாமல் பருக்கையின் மேலேயே படிந்துவிடுவதால் இப்படி ஆகிறது. வடித்த சோறு மறுநாளும் பருக்கையாகவே நின்றது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பங்கு கெடவும் இல்லை, புளிக்கவும் இல்லை. வெறும் ஈரச் சோறாக இருந்தது. அம்மா சொன்ன ‘பாதி வராது’ என்பதில் பெரும்பகுதி இதுதான்.

பழையதுக்குத் தொட்டுக்கொள்ள, முந்தின நாள் குழம்பைச் சுண்டவைப்பது வழக்கம். மணத்தக்காளி வற்றல் போட்ட குழம்பு இதற்கு உத்தமம்: எலுமிச்சை அளவு புளி, இரண்டாம் கழுநீர், மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு. நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் பருப்பும் தனித்தனியாகத் தாளிப்பதற்குப் பதில், கோடையிலேயே உருட்டிக் காயவைத்த வெங்காய வடகத்தில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டால் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும், எண்ணெயும் பாதி போதும். மறுநாள் கல்சட்டியில் ஊற்றிச் சிறு தீயில் வைத்தால் அது களிம்பு பதத்துக்கு இறுகி, சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாலே ஒரு கவளம் உள்ளே போகும் அளவுக்கு உறைப்பும் புளிப்பும் ஏறிவிடுகிறது. ஏழு பேருக்குப் போதும்படி குழம்பு செய்ய வேண்டிய வீட்டில், உறைப்பும் ஒரு சிக்கன வழிதான் என்று இப்போது தோன்றுகிறது.

பருப்புச் செலவும் அப்படியே கணக்காகத்தான் இருந்தது. ஏழு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு. அதைக் குழைய வேகவைத்து மேலே நிற்கும் தெளிவை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, அடியில் தங்கும் பருப்பைப் பரங்கிக்காயோடு சேர்த்துச் சாம்பாராக்கினார் அம்மா. அதே அளவில் நான் செய்து பார்த்தபோது சாம்பாரில் பருப்பு இருந்தது என்பதை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ரசம் மட்டும் குறையில்லாமல் வந்தது.

தோலும் காம்பும் விதையும் பட்டியலில் நிறையவே இருந்தன. பிஞ்சுப் பீர்க்கங்காயின் வரம்பை மட்டும் சீவிவிட்டு, தோலை ஒரு கரண்டி எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். தேங்காய் வேண்டியதில்லை, அம்மா போட்டதும் இல்லை. ஆனால் கடையில் வாங்கும் காயின் தோலில் பூச்சிமருந்து படிந்திருக்குமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. கொல்லையில் விளைந்த காய் கிடைத்தால் மட்டுமே இதைச் செய்கிறேன். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கிப் பயற்றோடு வதக்குவதற்கும் அதே நிபந்தனைதான். பலாக்கொட்டையில் அந்தக் கவலை இல்லை. நிழலில் உலர்த்தி மணலில் புதைத்து வைத்தால் பலாப்பழம் போன பிறகும் வெகுநாள் கிடக்கும். தட்டி மேல்தோலை நீக்கிக் கீரைத்தண்டுக் குழம்பில் போட்டால் காய் வாங்காத நாளிலும் கடிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்ற நிறைவு வருகிறது.

நொய்க் கஞ்சியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பங்கு நொய்க்கு எட்டுப் பங்கு தண்ணீர், நான்கு பல் பூண்டு, சிறிது வெந்தயம், உப்பு. காய்ச்சல் கண்டவருக்கும் மாதக் கடைசிக்கும் ஒரே கஞ்சிதான்.

பழையதுக்கும் போக மிஞ்சும் நாட்களில் சோற்று வடாம். பங்குனி, சித்திரை வெயில் இதற்கு வேண்டும். தண்ணீர் ஊற்றாத சோறு மூன்று குவளைக்குப் பச்சைமிளகாய் இரண்டு, சீரகம் அரைத் தேக்கரண்டி, உப்பு சேர்த்து, இளக்குவதற்குக் கஞ்சியே கொஞ்சம் விட்டு அரைத்துக்கொண்டேன். உப்பு வாயில் வைத்துப் பார்க்கும்போது குறைவாகத் தெரிய வேண்டும். ஈரம் வற்றும்போது உப்பு ஏறிக்கொள்ளும் என்பதால், ருசிக்குச் சரியாகப் போட்டால் பொரித்த பிறகு கரிக்கும். நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியை மொட்டை மாடியில் விரித்து, கையால் சிறு சிறு கிள்ளல்களாக வைத்து, காக்கைக்காக ஒரு கறுப்புக் குடையையும் விரித்துப் போட்டேன். மாலையில் துணியைத் திருப்பிப் பின்புறம் தண்ணீர் தெளித்துச் சற்று விட்டால் வடாம் உடையாமல் கழன்று வருகிறது. கழற்றியதை முறத்தில் பரப்பி, ஒடித்தால் ‘டக்’கென்று முறியும் வரை மேலும் காயவைக்க வேண்டும். உள்ளே ஈரம் மிஞ்சினால் ஆவணிக்குள் பூசணம் பூத்துவிடும்.

இப்போது வாரத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் வடித்த சோறுதான். மற்ற நாட்களில் குக்கர் ஓடுகிறது. பருப்பு வேகவைக்க அதைவிடச் சிக்கனமான பாத்திரம் இல்லை என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சோற்றின் பதத்தில்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒரு கொதி முன்னதாகவே நான் வடித்திருக்கலாம் என்கிறார் அவர். என் பிள்ளைகள் இதுவே விறைப்பாக இருக்கிறது என்கிறார்கள். உமி அடுப்பைத் திரும்பக் கொண்டுவருவதற்குத் தகர டப்பா ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அண்டை ஊர் ஆலையில் உமியை இப்போது கொதிகலனுக்கே எரித்துக்கொள்கிறார்கள் என்பதால், ஒரு சாக்கு உமிக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கிறேன்.